மடிப்புக் கமராவும் பொது அளவும்

என் மேசையில் பழைய இக்கோண்டா மடிப்புக் கமரா ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதைக் கண்டதும், “கண்ணாடிப் பேழையில் வைத்தால் அழகாயிருக்குமே” என்கின்றனர். அவர்களின் அன்பை மதிக்கிறேன், கருத்தை ஏற்பதற்கில்லை. உழைக்க வலுவுள்ள கருவியைப் பேழைக்குள் அடைத்தல், நடக்கவல்லவரைக் கட்டிலிற் கிடத்துவதை ஒக்கும்.

பெரிய படம் வேண்டுமாயின் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். அத்தூரமோ பெட்டியைப் பருமனாக்கிவிடும். கொல்லனின் துருத்திபோல விரிந்து சுருங்கும் உறையொன்றை இடையே அமைத்து, அக்கால வல்லுநர் இச்சிக்கலைத் தீர்த்தனர். 1926இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தோன்றிய சைஸ் ஐகோன் நிறுவனம் 1929இல் இக்கோண்டாவை வெளியிட்டது. பொத்தானை அழுத்தியதும் முன்கதவு திறக்க, வில்லை தானாகவே முன்வந்து நிலைகொள்ளும். 1934இல் வந்த சுப்பர் இக்கோண்டாவிலோ தூரமானியும் வில்லையோடு இணைந்தது. தெரியும் இரண்டு உருவங்களையும் ஒன்றாகப் பொருத்தினால், குவியமும் உடன் அமைந்துவிடும்.

பின்புறத்துச் சிவப்புச் சாளரமும் சிந்தனையின் விளைவே. சுருளைக் காக்கும் தாளில் அச்சிட்ட எண்களை அதனூடே பார்த்துத்தான் படத்தை நகர்த்துகிறோம். முற்காலச் சுருள் செந்நிற ஒளியை உணராதது. ஆதலாற் சிவப்புக் கண்ணாடியே போதிய காவலாயிற்று. எல்லா நிறங்களையும் உணரும் சுருள் பரவியபின் அச்சாளரத்துக்கு மூடியும் வேண்டியதாயிற்று.

நிற்க. குறைகளை மறைக்கமாட்டேன். துருத்தியின் மடிப்பு மூலையில் ஊசித்துளை விழுந்தால் ஒளி புகுந்து படம் கெடும். சுருளை நகர்த்த மறந்தால் படத்தின்மேற் படம் விழும். ஒருமுறை என் அன்னையின் முகத்தின் மீது முற்றத்து மாமரத்தைப் பதித்துவிட்டேன். அவரை மீண்டும் படமெடுக்க வாய்ப்பு வரவில்லை. அது கருவியின் பிழையன்று, என் பிழை.

ஆயினும், ஏறத்தாழ 90 ஆண்டு கழிந்த கருவி இன்றும் படமெடுப்பது எதனால்? செய்தவரின் கைத்திறன் மட்டும் காரணமன்று. 1901இல் கோடாக் நிறுவனம் தன் பெட்டிக் கமரா ஒன்றுக்காக வெளியிட்ட 120 இலக்கச் சுருளைப் பிற நிறுவனங்களும் பொது அளவாக ஏற்றன. அது இன்றும் விற்பனையாகிறது. 1930களின் தொடக்கத்தில் அதே கோடாக், அதே அகலச் சுருளை மெல்லிய உருளையிற் சுற்றி, 620 என்ற புது அளவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி நின்றது. அதனை நம்பியிருந்த கமராக்கள் பழுதின்றியே ஊமையாயின. அவற்றைப் பேசவைக்க விரும்புவோர், 120 சுருளை இருளிலே பழைய உருளைக்கு மாற்றிச் சுற்றவேண்டியுள்ளது.

கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது பலரும் ஏற்றுப் பேணும் பொது அளவே என்பது என் துணிபு. தனக்கு மட்டும் பொருந்தும் மின்கலத்தோடு வரும் இக்காலக் கருவியை வாங்குமுன், “இதற்கு இரை தருபவர் யார்? எத்தனை காலத்துக்கு?” என்று கேட்பது நம் கடமை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எட்டுப் படங்களுக்கான சுருளொன்றை என் கமராவில் ஏற்றப்போகிறேன். பேழையைப் பரிந்துரைத்த நண்பர்கள் முதலில் வந்து நிற்கட்டும். இம்முறை சுருளை நகர்த்த மறவேன்.