ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் நோயா?



மூக்கடைப்பு, தலைபாரம் என்று போய் சைனஸ் சி.டி. எடுத்த வாசகர்கள் பலர், அந்த ரிப்போர்ட்டையும் நகலெடுத்து நமக்கு அனுப்பிவிடுகிறீர்கள். டாக்டரைப் பார்க்கும் முன்பே கூகுளைப் பார்த்துப் பயந்துபோய் எழுதிய கடிதங்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 'கான்கா புல்லோசா என்று போட்டிருக்கிறதே, இது கட்டியா சார்?'

கட்டி இல்லை. மூக்கின் பக்கச்சுவரிலிருந்து உள்பக்கமாகச் சுருண்டு நிற்கும் மெல்லிய எலும்புகள்தான் டர்பினேட். பக்கத்துக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புவது இவற்றின் மேல் போர்த்திய சவ்வு. சிலருக்கு நடு எலும்புக்குள் காற்றறை உருவாகி அது உப்பியிருக்கும். அதுதான் கான்கா புல்லோசா. சி.டி. படத்தில் எலும்பு வெள்ளை, சவ்வு சாம்பல், காற்று கறுப்பு. பருப்பில்லாத வேர்க்கடலை ஓடு மாதிரி, வெள்ளைக் கோட்டுக்குள் கறுப்பாக ஒரு வெற்றிடம் தெரியும். இன்னும் சிலருக்கு, மூக்கின் நடுச்சுவரை நோக்கிப் புடைத்திருக்க வேண்டிய வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். 'பாரடாக்ஸிகல்' என்று எழுதுவது இதைத்தான்.

1991-இல் அமெரிக்காவில் போல்ஜர் குழுவினர் 202 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு நடு டர்பினேட்டில் ஏதோ ஓர் அளவில் காற்றறை இருந்தது. எந்த அளவு உப்பினால் கணக்கில் சேர்ப்பது என்பதில் ஆளாளுக்கு அளவுகோல் வேறு. அதனால் மற்ற ஆய்வுகளில் இந்த எண் வெகுவாகக் குறைவதும் உண்டு. சைனஸ் தொல்லையே இல்லாமல், வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தவர்களிடமும் இது தென்படுகிறது.

படத்தில் ஒரு பக்க டர்பினேட் மட்டும் பெருத்துத் தெரிந்தாலும் உடனே 'சதை வளர்ந்துவிட்டது' என்று கலங்க வேண்டாம். அந்தச் சவ்வு ஒரு பக்கம் வீங்க, மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் இதை எழுதிவைத்தார். மூச்சு பக்கம் மாறுவதை இடகலை, பிங்கலை என்று நம் யோகிகள் அதற்கு வெகுகாலம் முன்பே கவனித்திருந்தார்கள். உங்கள் ஸ்கேன், அந்த மாற்றத்தின் ஏதோ ஒரு நிமிடத்தில் எடுத்த படம்.

பிறகு எதற்கு இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள்? எண்டோஸ்கோப்பி அறுவை செய்பவருக்கு இது வழிகாட்டும் வரைபடம். ஒருபுறம் கண்குழி, மேலே மூளையின் தரை. இடையில் எது எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் கருவியை நுழைக்க முடியாது. உப்பல் மிகப் பெரிதாகி சைனஸ் வடிகாலை நெருக்கினால் அதைச் சரிசெய்வதும் உண்டுதான். ஆனால், 'எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்று நாமாக அவசரப்படக் கூடாது. டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டிய சிலருக்கு, மூக்கு அகலத் திறந்திருந்தும் மூச்சே உள்ளே போகாத மாதிரி உணர்வு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், அடைப்பைவிடக் கொடுமை அதுதான்.

ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள பெயரைச் சொல்லி 'இதற்கு என்ன மருந்து?' என்று கேட்காதீர்கள். 'என் தொல்லைக்கு இதுதான் காரணமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரே பக்கம் மட்டும் விடாமல் அடைப்பு, அதே பக்கம் ரத்தக்கசிவு என்றால் மட்டும் நமக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்