நிற்பவர்கள், இடமிருந்து வலம்

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போனால், ஒத்தக்கடை வருவதற்கு முன்பே யானைமலை கண்ணில் பட்டுவிடும். கால் மடக்கிப் படுத்த யானை மாதிரி ஒரே பாறை. 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கல்லூரி என்று இருந்தால் மைதானம் இருக்கும். மைதானம் இருந்தால் அணி இருக்கும். அணி என்று இருந்தால், எங்கேயாவது ஒரு சுவரில் ஒரு குரூப் போட்டோவும் இருக்கும்.

எந்தக் கல்லூரியின் பழைய போட்டோவை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடு நாற்காலியில் முதல்வர். ஒரு பக்கம் உடற்கல்வி இயக்குநர், மறுபக்கம் கேப்டன். காலடியில் கோப்பையும், வருஷத்தைச் சாக்பீஸால் எழுதிய பந்தும். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள். கீழே அட்டையில் பெயர்கள். 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம். நிற்பவர்கள், இடமிருந்து வலம்.'

எழுபது வயதைத் தொட்ட பழைய வாலிபால் ஆட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் படம் வெளியே வந்துவிடும்.

"மாப்ள, இது யாருன்னு தெரியுதா?"

"ஏன் தெரியாது? இவன்தானே ஃபைனல்ஸ் அன்னைக்கு ஷூவை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தவன்!"

முதலில் சிரிப்பு. பிறகு விரல் ஒவ்வொரு முகமாக நகரும். "இவன் போயிட்டான். இவரும் போயிட்டார். இவன் எங்கே இருக்கான்னே தெரியலை." ஆறு பேர் இருந்தால்தான் வாலிபால். பன்னிரண்டு பேர் நின்ற படத்தில் இன்னும் ஆறு பேர் தேறுவார்களா என்று மனசுக்குள் எண்ணிப் பார்க்கிற நாள் ஒன்று வரும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோருமே எண்ணியிருப்பார்கள்.

இப்போது சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. காலை ஆறு மணிக்கு வந்தால், ஏழு மணிக்குள் நாற்பது பேர் கும்பிடுகிற கை போட்டுவிடுவார்கள். பத்து மணிக்கு ஒருவர், சுகருக்கு வெந்தயம் நல்லது என்று ஒரு ஃபார்வேர்டு அனுப்புவார். அதற்குப் பத்துப் பேர் பதில் போடுவார்கள். போனவர் மேலே நகர்ந்து நகர்ந்து, மறுநாள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுவார்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சொந்தத்தில் ஒரு சாவு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கேதம் கேட்கப் போவது, பதினாறாம் நாள், வருஷத் திவசம் என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. கூட விளையாடியவனுக்கு அப்படி ஒரு முறை இல்லை. இவர் யார் என்று அவன் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் இருபது வயதில் அவன் எந்த உயரத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பான் என்று, திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவைத்திருந்த ஆள் இவர்தான்.

விளையாட்டு உலகம் தனக்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. போனவர் பெயரில் போட்டி நடத்துவது!

சென்னை லயோலா கல்லூரி 1925-இல் தொடங்கியது. அதை நிறுவிய பிரெஞ்சுப் பாதிரியார் பெர்ட்ராம். அவர் பெயரில் நடக்கும் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகள் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. அவர் யார் என்று தெரியாத பையன்கூட 'பெர்ட்ராம்ல ஆடினேன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அதேபோல இன்னொரு பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் படித்தவர். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அந்த ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான். அங்கிருந்து சென்னைக்கு வந்த பக், 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு என்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. 1943-இல் இறந்தார். அவர் நினைவாகவும் போட்டி உண்டு. அதைவிடப் பெரிய நினைவு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த பழைய உடற்கல்வி இயக்குநர்கள். அவர்களில் பலர் அந்த மைதானத்தில் பாடம் படித்து வந்தவர்கள்.

ஆனால் கோப்பையில் பெயர் ஏறுவது ஒரு சிலருக்குத்தானே?

மைதானத்து மார்க்கரை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் வந்து, கயிறு பிடித்து, ஆணி அடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறவர். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நெட் 2.43 மீட்டர் உயரம். டேப்பை எடுக்காமல், கண்பார்வையிலேயே 'ஒரு விரக்கடை இறங்கியிருக்கு தம்பி' என்று சொல்லிவிடுகிற மார்க்கர்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனை கோடும் காலடியில் அழிந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் போடுவார். போட்டோவில் அவர் பின்வரிசையின் ஓரத்தில் நிற்பார். பல படங்களில் அதுவும் கிடையாது.

பி.டி. சார் கதை வேறு. ஹாஸ்டல் பையன்களுக்கு அவரைக் கண்டால் நடுக்கம். ஆனால் கிராமத்திலிருந்து வெறுங்காலோடு வந்த பையனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவரும், ஃபீஸ் கட்ட முடியாதவனுக்காக முதல்வர் அறை வாசலில் நின்றவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று ஆட்டக்காரர்களைத் தேடி வேலை கொடுத்த காலம் அது. ஒரு பையன் நன்றாக ஆடினால் ஒரு குடும்பமே தலையெடுத்தது. அந்தக் கணக்கை அவர் எந்த நோட்டிலும் எழுதிவைக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களை எப்படி நினைவில் வைப்பது? அதற்குப் பதில் ஒத்தக்கடையிலேயே, கல்லில் இருக்கிறது.

யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊரில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் உண்டு. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, மலையைக் குடைந்து எடுத்த கோயில். காலம் கி.பி. 770. கோயிலைக் குடைந்த மாறன் காரி, குடமுழுக்கு நடப்பதற்கு முன்பே இறந்துபோனார். அவருக்குப் பிறகு அமைச்சரான தம்பி மாறன் எயினன், முகமண்டபத்தைக் கட்டி, குடமுழுக்கையும் செய்துவைத்தார். அண்ணன் செய்தது இது, தான் செய்தது இது என்பது அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது.

தம்பி நினைத்திருந்தால் அண்ணனுக்கு வேறு விதமாக நினைவு வைத்திருக்கலாம். அவர் செய்தது, அண்ணன் பாதியில் விட்டதை முடித்ததுதான். அண்ணன் பெயரையும் மறைக்கவில்லை. அதனால்தான் 1,250 வருஷம் கழித்தும் இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

கூட ஆடியவர்களுக்கும் இதையே செய்யலாம்.

முதல் வேலை, அந்தக் குரூப் போட்டோவின் பின்னால் எல்லோர் பெயரையும் எழுதிவைப்பது. அட்டை செல்லரித்துப் போகும். பெயர் தெரிந்த கடைசி ஆளும் ஒருநாள் போய்விடுவார். இனிஷியலோடு அச்சடித்த பெயர் மட்டும் போதாது. மைதானத்தில் கூப்பிட்ட பட்டப்பெயரும் வேண்டும். ஓரத்தில் நிற்கிற மார்க்கரின் பெயரும் வேண்டும்.

இரண்டாவது, ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்வருவது. பிள்ளைகளுக்கு அப்பாவை முட்டிவலிக்காரராக, ஆபீஸிலிருந்து களைத்து வருகிறவராகத்தான் தெரிந்திருக்கும். "தம்பி, உங்கப்பா சர்வீஸ் போட வந்தா எதிர்ல நிக்கிற ஆறு பேரும் ரெண்டடி பின்னால போவாங்கப்பா" என்று சொல்ல, இந்த உலகத்தில் நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்கள் சொல்லாமல் விட்டால் அந்த மகனுக்கு அது கடைசிவரை தெரியாது. சொல்லிவிட்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தால் போதும். போகும்போது கனத்த மனசு, வரும்போது கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மூன்றாவதுதான் மாறன் எயினன் செய்த வேலை. போனவர் எதைப் பாதியில் விட்டுப் போனார் என்று விசாரிப்பது. பி.டி. சார் ஓய்வுபெற்ற பிறகும் காலையில் தெருப் பையன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். கிழிந்த நெட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். யாரோ ஒரு பையனுக்குப் பஸ் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பையனுக்கு, காசு ஏன் திடீரென்று நின்றது என்றுகூடத் தெரிந்திருக்காது. பழைய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் இதில் எதுவுமே பெரிய செலவில்லை. மாலை, மேடை, ஃபிளெக்ஸ் எதுவும் வேண்டாம்.

ஆட்களை வரவழைக்க முடியாது. ஆனால் விடிகாலையில் யாராவது ஒருவர் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளை எடுத்து, அதே 18-க்கு 9 கோட்டைப் போட்டுவைக்கலாம். ஆறு மணிக்குப் பையன்கள் பந்தோடு வந்துவிடுவார்கள்.