கொள்ளிடம் பேசுகிறது, கேட்பார் யார்?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-இல் எழுப்பிய மேலணை, 182 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கிற்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது பெயர்ந்து வெள்ளத்தோடு போயின! போகுமுன் தூண் அதிர்ந்திராதா? அடிமணல் நழுவியிராதா? கேட்டவர் யார்?

கேட்கும் செவி இன்று உண்டு. கையடக்க உணர்கருவிகளைத் தூணுக்கொன்றாய்ப் பொருத்தினால், அதிர்வையும் சாய்வையும் நீர்மட்டத்தையும் அளந்து, கம்பியின்றி ஒன்று மற்றொன்றுக்கு உரைத்து, கரை நிலையத்தில் சேர்க்கும். சிறிது கதிரொளியே அதற்குத் தீனி. வாக்குறுதியைத் தின்று வாழாது!

புதிய கதவணை எழுந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் கருவி சொல்லும் சேதி அதிகாரியின் மேசையோடு நிற்பதா? திருவரங்கத்திலே அரங்கன் பள்ளிகொள்ளலாம், ஆள்வோர் பள்ளிகொள்ளலாமா? கொள்ளிடக் கரைக் குடிசை மக்களின் தெருமுனையிலே, அந்த எண்கள் இரவும் பகலும் ஒளிரட்டும்!