மணிக்கு 62 கிலோமீட்டர்

அந்த வேகத்தைத் தொட்ட பிறகுதான் காற்றுக்குப் புயல் என்று பெயர். வள்ளத்தில் இருப்பவருக்கு அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

பாறசாலைப் பக்கம் ஜனவரியில் கம்பளி விற்றுப் பிழைக்க முடியாது. பக்கத்து நகரமான திருவனந்தபுரத்தில் அந்த மாதத்தின் சராசரி இரவு வெப்பநிலை 22 டிகிரி. பகலில் 31, 32. நெய்யாற்றின்கரை தாலுகாவின் கிழக்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கும் வெள்ளறடையில் விடியற்காலை கொஞ்சம் பனி இறங்கும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள். குளிருக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்.

ஆனாலும் இந்த வட்டாரத்தில் வருடத்தின் கடைசி இரண்டு மாதங்களில் வானிலை அறிக்கையை யாரும் அலட்சியப்படுத்துவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். எல்லைக்கு அந்தப் பக்கம் அதைத் துலாவர்ஷம் என்பார்கள். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. 2023இல் அது பொய்த்தது. மார்கழி பிறந்த டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை, தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பழமொழியை நம்பி வெளுத்த துணியைக் காயப்போடலாம். கடலுக்குப் போக முடியாது.

மலைக்காரருக்கு முன்னறிவிப்பு என்றால் முதலில் மழைதான். விடியுமுன் தூறல் விழுந்தால் அன்று பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. குளிர்ந்த காலையில் பால் நின்று நிதானமாக வடியும் என்பதால் நவம்பர், டிசம்பரில் ஒரு நாள் போவது கோடையில் ஒரு நாள் போவதைவிட அதிக நஷ்டம். பெரு மழைக்கு அஞ்சவும் காரணம் உண்டு. வெள்ளறடைக்கு அடுத்த அம்பூரியில் 2001 நவம்பர் 9ஆம் தேதி மலைச்சரிவு இறங்கி ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கை, 12 முதல் 20 வரை ஆரஞ்சு, 7 முதல் 11 வரை மஞ்சள் என்ற வண்ணக் கணக்கு மலையில் இருப்பவருக்குப் புரிகிறது. மழை தலைமேல் விழுகிறது, அளந்து பார்க்கலாம், வீட்டை விட்டு இறங்கி ஓடவும் செய்யலாம்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்கு வந்துவிடலாம். அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு பூவாறில் கடலில் சேர்கிறது. அதற்குத் தெற்கே பொழியூர். அதையும் தாண்டினால் நீரோடி. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று மணிகோத்த மாதிரி மீனவர் கிராமங்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. கரையில் கோடு விழுந்தது. கடலில் விழவில்லை. தூத்தூர்ப் பகுதிக்காரர்கள் சுறாவும் சூரையும் தேடிக் கொச்சித் துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள்.

கடற்கரையில் மழை இரண்டாம் பட்சம். முதல் கேள்வி காற்று. வாடையா, கொண்டலா, கச்சானா, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாக வள்ளம் இறக்கினார்கள். அந்த அறிவு கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குப் போதுமானது. இலங்கைக்கு அப்பால் என்ன உருவாகிறது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் வானிலை அறிக்கை.

அறிக்கையின் மொழியில்தான் சிக்கல் தொடங்குகிறது. வானிலைத் துறை காற்றின் வேகத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் அதற்குத் தனிப் பெயரும் கிடைக்கும். 89இல் தீவிரப் புயல், 118இல் அதிதீவிரப் புயல். ஓட்டு வீட்டுக்கும் தென்னைமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் இந்த அளவுகோல் சரியாகப் பொருந்தும். 50 கிலோமீட்டர் காற்றில் வீடு விழாது.

ஃபைபர் வள்ளம் விழும். ஒரு எஞ்சினும் நாலைந்து ஆட்களும் உள்ள திறந்த வள்ளத்துக்கு 45 கிலோமீட்டர் காற்றே எமன்தான். வானிலைத் துறைக்கும் இது தெரியும். அந்த வேகத்தை ஒட்டியே மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று தனி எச்சரிக்கை கொடுக்கிறது. ஆனால் மாவட்ட நிர்வாகம் விழித்துக்கொள்வதும், தொலைக்காட்சிகள் கேமராவோடு ஓடிவருவதும், அமைச்சர்கள் கூடிப் பேசுவதும் புயல் என்ற சொல்லுக்குத்தான். தாழ்வு மண்டலம் என்பது ஒவ்வொரு கார்த்திகையிலும் காதில் விழுந்து பழகிப்போன வார்த்தை.

இந்த இடைவெளியின் விலை 2017இல் தெரிந்தது. நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்குக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. அன்று மாலைக்குள் இலங்கையைக் கடந்து குமரிக் கடலுக்கு வந்தது. மறுநாள் விடியுமுன் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயல். எல்லாம் ஒரே நாளுக்குள். வங்கதேசம் கொடுத்திருந்த ஒக்கி என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வங்க மொழியில் கண் என்று பொருள். அந்தக் கண் திறந்தபோது நூற்றுக்கணக்கான வள்ளங்களும் படகுகளும் கடலில் இருந்தன. முந்தின நாள் மாலை கிளம்பியவர்களும் இருந்தார்கள். பல நாட்களுக்கு முன்பே கிளம்பி ஆழ்கடலில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

பிறகு நடந்த வாக்குவாதம் நினைவிருக்கும். 29ஆம் தேதியே கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்துவிட்டோம் என்றது வானிலைத் துறை. புயல் எச்சரிக்கை 30ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது என்றார் கேரள முதல்வர் பினராயி விஜயன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. துயரமே அதுதான். எச்சரிக்கை இருந்தது, ஆனால் அதில் புயல் என்ற சொல் இல்லை. சொல் வந்தபோது ஆட்கள் கரையில் இல்லை. கைபேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டியவர்களுக்கு முதல் எச்சரிக்கையும் எட்டவில்லை, இரண்டாவதும் எட்டவில்லை.

டிசம்பர் 2இல் 68 படகுகள் 952 மீனவர்களுடன் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கின. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர், சின்னத்துறை வரை மற்றவர்கள் கரையில் காத்திருந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து இறந்தவர்களும் திரும்பாதவர்களும் 300க்கு மேல். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தித்தான் இரு அரசுகளும் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பின் வேலை எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதுவரை சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்த கேரளத்துக்கு 2018இல் திருவனந்தபுரத்திலேயே ஒரு புயல் எச்சரிக்கை மையம் கிடைத்தது. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறிய கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியாக ஐதராபாத்தின் கடல் தகவல் சேவை மையம் அனுப்பும் எச்சரிக்கையை அது நடுக்கடலில் வாங்கிக் கைபேசித் திரையில் காட்டும். ஆனால் அது கேட்கும், பேசாது. படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. இரு பக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். செய்தி போய்ச் சேராத குறைக்கு மருந்து கண்டாகிவிட்டது எனலாம்.

போய்ச் சேர்ந்த செய்தியை நம்பும் குறைக்கு இன்னும் இல்லை. அதற்கும் ஒரு டிசம்பர் சாட்சி சொல்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் இலங்கையின் திரிகோணமலை அருகே கரை கடந்தது. அடுத்தது பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே என்றது முன்னறிவிப்பு. பாதை திருவனந்தபுரம் மாவட்டத்தின் மேலாகக் காட்டப்பட்டது. ஒக்கியில் சூடுபட்ட கேரளம் இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. வள்ளங்கள் கரையேறின, முகாம்கள் திறந்தன, 4ஆம் தேதி விடுமுறை விடப்பட்டது. புரெவியோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் நகராமல் நின்று, தமிழ்நாட்டின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு அடங்கியது. நெய்யாற்றின்கரைக்காரர்கள் வெயிலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

வராத புயலுக்காக வானிலைத் துறையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் குமரிக் கடல் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருக்கிறது; இங்கே உருவாகும் சுழல் சிறியது, அவசரக்காரி. இலங்கைக்கும் குமரிக்கும் நடுவே அது எந்தப் பக்கம் திரும்பும், எப்போது வலுக்கும், எப்போது சோரும் என்று கணிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான். இந்த நிலையில் தவறாமல் எச்சரிக்க வேண்டுமென்றால் சில முறை வீணாகவும் எச்சரித்தே ஆக வேண்டும். 2017இல் நடந்தது போல் ஒன்று நடக்காமலிருக்க, 2020இல் நடந்தது போல் பல நடக்கும்.

கேள்வி, அந்த வீண் எச்சரிக்கைக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான். இப்போதைக்கு மீனவர்தான் கொடுக்கிறார். கடலுக்குப் போகாத நாளில் பங்கு கிடையாது. எண்ணெய்க்கு வாங்கிய கடனுக்கு மட்டும் வட்டி உண்டு. ஒரு பருவத்தில் பத்து நாள் சிவப்புக் கொடி என்றால் பத்து நாள் பட்டினிக் கணக்கு. வேலையிழந்த நாட்களுக்காகக் கேரள அரசு 2021இல் மீனவர் குடும்பத்துக்கு 3,000 ரூபாய் வீதம் கொடுத்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு பேச்சு. அதில் அடங்கியிருக்கும் கொள்கை சரியானது. அரசு போகாதே என்று சொன்னால், போகாத நாளின் கூலியில் அரசுக்கும் பங்கு உண்டு. இதை நிவாரணம் என்று மனுப் போட்டு வாங்க வைக்காமல், எச்சரிக்கை வெளியாகும்போதே தானாகக் கிடைக்கும்படி செய்தால் பாதிப் பேர் அறிக்கையைக் கேட்பார்கள். ரப்பர் தோட்டத்தில் மழை நாளில் கூலி போகும், உயிர் போகாது. பொழியூரில் கூலிக்காக உயிரைப் பணயம் வைக்கும்படி ஆகிறது.

இரண்டாவது வேலைக்குச் செலவே இல்லை. அறிக்கை வள்ளத்தின் கணக்கில் பேச வேண்டும். தாழ்வு மண்டலமா, ஆழ்ந்த தாழ்வு மண்டலமா, புயலா என்பது வானிலை நிபுணர்களின் குடும்ப விவகாரம். நீரோடியில் ஒருவருக்கு வேண்டியது மூன்று விவரங்கள்: காற்று எத்தனை கிலோமீட்டர், எப்போது தொடங்கும், எந்தத் திசையில் ஒதுங்கலாம். அதே மூன்று விவரங்கள் அதே நேரத்தில் பொழியூரில் மலையாளத்திலும் நீரோடியில் தமிழிலும் கோயில் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். இப்போது இந்தப் பக்கத்துக்குச் சென்னையும் அந்தப் பக்கத்துக்குத் திருவனந்தபுரமும் அறிக்கை தருகின்றன. சொல்லும் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே வள்ளத்தில் போகும் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஒரே முடிவுக்கு வருவார்கள்.

கார்த்திகை கழிந்தாலும் ஆபத்து கழிவதில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வானம் நீலமாக, பகல் பளிச்சென்று இருக்கும்போதே குமரிக் கடலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் மணிக்கு 45 கிலோமீட்டர், இடையிடையே 55 என்று எச்சரிக்கை வரும். மேகமில்லை, மழையில்லை, பெயருமில்லை. செய்தி வாசிப்பவர் குளிர்காலத்தில் தென்கோடியில் வறண்ட வானிலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வெள்ளறடைக்கு அந்த வரி போதும். பூவாறுக்கும் நீரோடிக்கும் அடுத்த வரியும் வேண்டும்.