படத்தில் ஏழரை, தரையில் எட்டும் ஏழும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்களும், பிள்ளையை ஓட்டோகேட் வகுப்புக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும், அந்த வகுப்புகளை நடத்துகிறவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அண்மையில் எங்களூரில் ஒரு வாப்பா தன்னுடைய இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வீடு கட்டுவதற்காக வளவை இரண்டாகப் பிரித்தார். 60 அடி அகலம், 68 அடி நீளம். ஏறக்குறைய 15 பேர்ச். ஆளுக்கு ஏழரை. படம் கீறியவர் நம்மிடம் படித்த பிள்ளைதான். முதல் படம் சரியாகவே இருந்தது. பிறகு, கிணறு முழுதாக ஒரு பக்கம் வரட்டும் என்று நடுக்கோட்டை இரண்டடி தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இரவு ஒரு மணிக்கு இருந்து கோட்டைத் தள்ளினார். இரண்டு பக்கமும் "7.5 பேர்ச்" என்று தட்டச்சு செய்திருந்த எழுத்தை மாற்ற மறந்துவிட்டார்.

அத்திவாரம் வெட்ட நூல் கட்டிய அன்று மேசன் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் 32 அடி, மறுபக்கம் 28. கணக்குப் பார்த்தால் எட்டுப் பேர்ச்சும் ஏழு பேர்ச்சும். "படத்துல ஏழரை எண்டுதானே இரிக்கி, அப்ப தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று இளைய மருமகன் கேட்டாராம். ஒரு பேர்ச் காணி இன்று என்ன விலை போகிறது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நல்லவேளை, உறுதி எழுதுவதற்கு நில அளவையாளர் தனியாக அளக்க இருந்தார். காணி தப்பியது. ஆனால் ராத்தாவும் தங்கச்சியும் ஒழுங்காகக் கதைத்துப் பல நாளாகிறது.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சேர், கோட்ட மாத்தினன், எழுத்த மறந்துட்டன்" என்றார். அவரை ஏச மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த எழுத்தை அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அது தானாக மாறியிருக்க வேண்டும். அதற்கான வசதி அவருடைய கணினியிலேயே இருக்கிறது. அதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஓட்டோகேட் 1982 முதல் இருக்கும் மென்பொருள். எங்களூரில் அதை மூன்று மாத, ஆறு மாதப் பாடநெறியாகப் படிப்பிக்கிறோம். லைன், சேர்க்கிள், ட்ரிம், ஒப்செட், ஹெட்ச், கடைசியில் ஒரு வீட்டுப் படம், சான்றிதழ். கெட்டித்தனம் என்று நாம் புகழ்வது கையின் வேகத்தைத்தான். அதாவது பென்சிலால் கீறியதைக் கணினியில் கீறப் பழக்குகிறோம், அவ்வளவுதான். கோட்டுக்கும் எண்ணுக்கும் இருக்கும் தொடர்பைக் கணினி தானே வைத்திருக்கும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், நம்மில் பல ஆசிரியர்களுக்கும் வெகுகாலம் தெரியாது.

காணிக் கணக்குக்கு வருவோம். "பீல்ட்" என்று ஒரு கொமாண்ட் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். எல்லையை மூடிய பொலிலைனாகக் கீறிக்கொள்ள வேண்டும். பிறகு பீல்டைத் திறந்து, ஒப்ஜெக்ட் என்பதைத் தெரிந்து, அந்த எல்லையைத் தொட்டு, ஏரியா என்பதை எடுக்க வேண்டும். படத்தில் பரப்பளவு வந்து உட்காரும். நமக்கு வேண்டியது பேர்ச் கணக்கு. அதற்கும் வழி இருக்கிறது. அதே பெட்டியில் "அடிஷனல் போர்மட்" என்ற பொத்தானை அமர்த்தினால் பெருக்கும் எண்ணைக் கொடுக்க ஓர் இடம் வரும். படம் அடியில் இருந்தால் 0.003673. மீற்றரில் இருந்தால் 0.039537. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி, அல்லது ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர். அதைத் தலைகீழாக்கினால் இந்த எண்கள் வரும். எண்ணுக்குப் பின்னால் "பேர்ச்" என்று வரச் செய்யவும் அங்கேயே இடமுண்டு.

இனிக் கோட்டைத் தள்ளிப் பாருங்கள். நடுக்கோடு இரண்டு வளவுக்கும் பொது. ஆகவே ஸ்ட்ரெச் கொமாண்டில் வலமிருந்து இடமாகப் பெட்டி போட்டு இரண்டு எல்லைகளையும் சேர்த்து இழுக்க வேண்டும். இழுத்துவிட்டு "ரீஜென்" கொடுத்தால் 7.49 என்று இருந்த இடங்களில் ஒன்று 7.99 ஆகவும் மற்றது 6.99 ஆகவும் மாறிவிடும். அந்த வாப்பா இதை அன்றைக்கே கண்டிருப்பார். "இரண்டடி வேணாம், கிணத்தப் பொதுவா வெப்பம்" என்று சொல்லியிருப்பார் என்றுதான் நாம் நினைக்கிறோம். யாராவது எல்லைக் கோட்டை அழித்துவிட்டால் எண் இருந்த இடத்தில் #### என்று வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தக் குணம் நமக்குப் பிடித்திருக்கிறது.

இதைவிட நம்மைக் கவலைப்படுத்துவது இன்னொரு பழக்கம். அறையின் அளவுக் கோட்டில் 10 அடி என்று இருக்கிறது. வீட்டுக்காரர் பத்தரை வேண்டும் என்கிறார். சுவரை நகர்த்தினால் கதவு, யன்னல், பக்கத்து அறை எல்லாவற்றையும் திருத்த வேண்டும். நேரமில்லை. அளவுக் கோட்டின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து பத்தரை என்று தட்டிவிடுகிறார்கள். சுவர் பத்தடியில் நிற்கிறது, எழுத்து பத்தரை என்கிறது. அச்செடுத்த கடதாசியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வேலைத்தளத்தில் ஒவ்வொரு அறையையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் ஆறு அங்குலம் எங்கேயோ இடிக்கும். அதற்குள் கல் வைத்தாகிவிட்டிருக்கும்.

இது வேகமும் அல்ல, கெட்டித்தனமும் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசு அந்தப் படத்தை நம்பித்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. படம் கீறுகிறவரின் கையில் அது ஓர் அமானிதம். கடுமையாகச் சொல்கிறோம் என்று யாராவது நினைத்தால் பரவாயில்லை.

கண்டுபிடிக்க வழியுண்டு. ஒரு அளவுக் கோட்டைத் தெரிந்து, வலது கிளிக்கில் "செலக்ட் சிமிலர்" கொடுத்தால் அதே லேயரிலுள்ள அந்த வகை அளவுக் கோடுகள் எல்லாம் ஒன்றாகத் தெரிவாகும். பிறகு ப்ரொப்பட்டீஸ் பலகையில் "டெக்ஸ்ட் ஓவர்ரைட்" என்ற வரியைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் எல்லா அளவும் உண்மை. வேறுபடுகிறது என்று காட்டினால் எங்கேயோ யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள். அந்த வரியை வெறுமையாக்கிவிட்டால் உண்மையான அளவுகள் திரும்பி வரும். ஒரு நிமிடம் போகாது. படம் வாங்குகிறவர்கள் கடதாசியோடு பைலையும் கேட்டு வாங்குங்கள். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இந்த ஒரு வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவு, யன்னல் எண்ணுவதும் இப்படித்தான். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, தச்சரிடம் பதினொன்று என்று சொல்லி, கடைசியில் பன்னிரண்டாவதுக்குப் பலகை தேடி ஓடிய கதை எல்லா ஊரிலும் இருக்கும். யன்னலைப் பிளொக்காக வைத்திருந்தால் ப்ரொப்பட்டீஸ் பலகையே எத்தனை என்று சொல்லிவிடும். 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து "கவுண்ட்" என்று தனிக் கொமாண்டே இருக்கிறது. பிளொக்குக்குள் அகலம், உயரம், மரவகை எல்லாம் எழுதி வைத்தால் "டேட்டா எக்ஸ்ட்ரெக்ஷன்" மூலம் முழுப் பட்டியலையும் எக்செலுக்கு எடுக்கலாம். மதிப்பீடு தயாரிக்கிற பிள்ளைகள் இதை அவசியம் பழக வேண்டும்.

கேற், கிரில் வெட்டும் கடைகளுக்குப் படம் கொடுக்கிறவர்கள் "ஓவர்கில்" பழகட்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை அது நீக்கும். அப்படி நீக்காமல் கொடுத்தால் மெஷின் அதே கோட்டில் இரண்டு தரம் ஓடித் தகட்டைக் கெடுக்கும். பைலைப் பிரதி எடுத்து வைத்துவிட்டே செய்யுங்கள்.

மேல்மாடி போடுகிறவர்களுக்கு "எக்ஸ்ரெப்". கீழ்த்தளத்தின் தூண் படத்தை மேல்தளப் படத்துக்குள் கொப்பி பண்ணி ஒட்டாமல், அந்தப் பைலையே அடியில் இணைத்து வைப்பது. கீழே ஒரு தூணை நகர்த்திச் சேமித்தால் மேலே ரீலோட் செய்ததும் அந்தத் தூண் புதிய இடத்தில் தெரியும். ஒட்டிய பிரதி அப்படி மாறாது. பழைய இடத்திலேயே நிற்கும், மேசனும் அந்த இடத்திலேயே கம்பி கட்டுவார். ஒரு எச்சரிக்கை: இப்படி இணைத்த படத்தை வட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினால் மறுபக்கம் தூண்கள் வராது. "ஈ-ட்ரான்ஸ்மிட்" கொடுத்தால் சேர வேண்டிய பைல்கள் எல்லாம் ஒரே பொதியாக வரும். தமிழில் பெயர் எழுதுகிறவர்கள் பாமினியை விட்டு யுனிகோட் எழுத்துருவுக்கு மாறிவிடுங்கள். பாமினி இல்லாத கணினியில் "சமையலறை" என்ன கோலத்தில் வரும் என்று கண்டவர்களுக்குத் தெரியும்.

"ஏஜென்சிக்காரன் நேர்முகத்துல இதெல்லாம் கேக்க மாட்டான் சேர், நேரத்துக்குள்ள ஒரு படம் கீறினாச் சரி" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மைதான், கேட்பதில்லை. வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும். கட்டாருக்குப் போன நம் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய குரல் பதிவை இன்னும் வைத்திருக்கிறோம். முதல் வாரம் அவரிடம் கொடுத்த பைலில் எல்லாமே பிளொக்கும் எக்ஸ்ரெப்புமாக இருந்திருக்கிறது. எங்களூரில் பழகிய மாதிரி ஒவ்வொன்றையும் எக்ஸ்புளோட் செய்து கோடு கோடாகத் திருத்தியிருக்கிறார். அடுத்த நாள் மேலாளர் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது கதவுகளைக் காணவில்லை. மூன்று மாதப் பரீட்சார்த்த காலத்தில் இரண்டு மாதம் பயந்து பயந்தே போனதாம். பிறகு தானாகவே பழகி நிமிர்ந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அந்த இரண்டு மாதப் பயத்தை நாம் இங்கேயே இரண்டு சனிக்கிழமையில் தீர்த்திருக்கலாம்.

புதிய மடிக்கணினி வேண்டும், புதிய பதிப்பு வேண்டும் என்று வாப்பாமாரை நெருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மேலே சொன்னவற்றில் கவுண்டைத் தவிர மற்ற எல்லாம் பத்து வருடத்துக்கு முந்திய பதிப்பிலும் இருக்கின்றன. உடைத்த பிரதியைத் தேடி அலையவும் தேவையில்லை. தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஒரு வருட அனுமதியை இலவசமாகவே கொடுக்கிறது, புதுப்பிக்கவும் முடியும். ஆனால் அது படிப்புக்கு மட்டும். காசுக்குப் படம் கீற அதைப் பாவிக்கக் கூடாது.

வகுப்பு நடத்தும் சகோதரர்களிடம் கேட்பது இதுதான்: கடைசி மாதத்தில் முப்பரிமாண வீடு காட்டிப் பெற்றோரை மகிழ்விக்கும் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள். கவர்ச்சியாக இராது, முகநூலில் போட ஒரு படமும் கிடைக்காது.

நம் பங்குக்கு, அதிபரின் அனுமதியோடு வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் அஸர் தொழுகைக்குப் பின் பாடசாலைக் கணினி அறையைத் திறந்து வைக்கிறோம். கட்டணம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி வரிசை. வருகிறவர்கள் தாங்கள் கீறிய உண்மையான படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். முதல் வேலையாக, அதன் டெக்ஸ்ட் ஓவர்ரைட் வரியைத் திறந்து பார்ப்போம். அந்த 15 பேர்ச் படத்தைக் கீறிய பிள்ளையும் வருகிறார். பீல்டைக் காட்டித் தரப்போவது அவர்தான்.

வஸ்ஸலாம்.