குறைமாதப் பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி: எப்போது உயிர் காக்கும், எப்போது ஆபத்து?

32-வது வாரத்திலேயே வலி வந்துவிடுகிறது. மருத்துவமனைக்கு ஓடினால், "ஸ்டீராய்டு ஊசி போடணும்" என்கிறார் டாக்டர். உடனே வீட்டில் எழும் கேள்வி: "ஸ்டீராய்டா? குழந்தைக்கு ஏதாவது ஆயிடாதா?"

சுருக்கமான பதில்: சரியான வாரத்தில், வசதியுள்ள மருத்துவமனையில் போட்டால் அது குழந்தையின் உயிரைக் காக்கும் ஊசி. வாரமும் இடமும் ஏன் இவ்வளவு முக்கியம்? அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது.

நுரையீரலுக்கு என்ன பிரச்னை?

கருவில் கடைசியாக முழு வளர்ச்சி பெறும் உறுப்புகளில் ஒன்று நுரையீரல். அதன் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தே இருக்க 'சர்ஃபாக்டன்ட்' என்ற பொருள் தேவை. சீக்கிரமே பிறக்கும் குழந்தைக்கு இது போதிய அளவு இருக்காது. ஒவ்வொரு மூச்சும் போராட்டம்தான்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். இதே நுரையீரல் பிரச்னையால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபர் வீட்டுக் குழந்தையையே காப்பாற்ற முடியாத காலம் அது.

பதில் எங்கிருந்து வந்தது?

செம்மறி ஆடுகளிடமிருந்து! நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்தபின் மிக முன்னதாகப் பிறந்த குட்டிகளின் நுரையீரல், எதிர்பார்த்ததைவிட நன்றாக விரிந்திருந்தது.

பிறகு குழந்தைகள் நல மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் ஆய்வு நடத்தினார். முடிவு 1972-ல் வெளியானது. தானாக வலி வந்து குறைமாதத்தில் பிரசவித்தவர்களில், மருந்து பெறாத பிரிவில் 15% குழந்தைகள் பிறந்த சில நாட்களில் இறந்திருந்தன. மருந்து பெற்ற பிரிவில் அது 3.2% மட்டுமே.

அடுத்தடுத்த ஆய்வுகளும் இதையே சொல்லின. ஆனாலும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994-ல்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் 'காக்ரேன்' அமைப்பின் லோகோவில் இருக்கும் கோடுகள், இந்த ஊசி பற்றிய ஆய்வு முடிவுகளைத்தான் குறிக்கின்றன. கையில் ஆதாரம் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டதற்கு அது ஒரு நினைவூட்டல்.

2015-ல் என்ன நடந்தது?

'இவ்வளவு நல்ல மருந்து என்றால், கிராமங்கள் வரை கொண்டுபோகலாமே?' இந்தக் கேள்வியோடு அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய 6 நாடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. சுமார் ஒரு லட்சம் பிரசவங்கள். முடிவு அதிர்ச்சி தந்தது.

மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், 1,000 குழந்தைகளுக்கு 23.9 ஆக இருந்த பச்சிளம் குழந்தை இறப்பு, ஊசியை ஊக்குவித்த பகுதிகளில் 27.4 ஆக இருந்தது. தாய்மார்களுக்குத் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டதும் அங்கே அதிகம்.

அதே வகை மருந்துதான். மாறியது சூழல். பல இடங்களில் ஸ்கேன் வசதி இல்லை. கர்ப்பம் எத்தனை வாரம் என்பது பெரும்பாலும் உத்தேசக் கணக்கு. ஊசி போட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பிறந்தது மிகச் சிறிய குழந்தையே அல்ல. அதாவது, தேவையில்லாத பலருக்கு மருந்து போனது. தேவையான குழந்தைகளுக்கோ, பிறந்தபின் தீவிர சிகிச்சை எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை.

அப்போ, ஊசி வேண்டாமா?

வேண்டும். அதை உறுதிசெய்தது 2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. இந்தியா உட்பட 5 நாடுகளில், 29 மருத்துவமனைகளில், 2,852 கர்ப்பிணிகள். கொடுத்த மருந்து டெக்ஸாமெத்தசோன். கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட அதே மலிவு விலை மருந்து.

இந்த முறை 26 முதல் 33 வாரம் வரை என்பதை ஸ்கேன் மூலம் கணக்கிட்டே சேர்த்தார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 23.5%-லிருந்து 19.6% ஆகக் குறைந்தது. 25 பேருக்குக் கொடுத்தால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துக்கொண்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இப்போது நிபந்தனைகளோடு வருகிறது. கர்ப்ப வாரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். 24 முதல் 34 வாரத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் பிரசவமாகும் வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும். தாய்க்குத் தொற்று அறிகுறி இருக்கக் கூடாது. பிரசவத்துக்கும் குறைமாதக் குழந்தைக்கும் போதிய சிகிச்சை வசதி இருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

2020-ல் மட்டும் உலகில் 1.34 கோடி குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. யாருக்கு எப்போது வலி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் வாரக் கணக்கைச் சரியாக வைத்திருக்க முடியும். அதற்கு முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் சிறந்த வழி. மாதம் ஏற ஏற ஸ்கேன் காட்டும் வாரக் கணக்கில் துல்லியம் குறையும்.

அதனால் அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் டாக்டரிடம் "ஸ்டீராய்டு ஆபத்தா?" என்று கேட்பதைவிட, "இப்போ எத்தனை வாரம்? இங்கே என்.ஐ.சி.யூ. இருக்கா?" என்று கேட்பதுதான் குழந்தைக்கு உதவும்.