அறைக்குள் ஒரு மேகம்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பர் நம் முன்னோர். புகைப்படக் கருவி தோன்றியபோது, ஒளியே வரையும் ஓவியம் பொய் கூறாது எனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, வானத்தையும் முகிலையும் படமாக்கிய இருவர் வாயிலாக ஆராய்வோம்.

பிரெஞ்சு நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே, 1857 இல் செட் என்னும் துறைமுக நகரிலே 'பேரலை' என்ற படத்தை ஆக்கினார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளிற் பூசிய இரசாயனம் நீல ஒளியை விரைந்து பற்றும். பச்சையையும் சிவப்பையும் அரிதாகவே உணரும். ஆதலாற் கடலும் கரையும் தெளிவாகப் பதியும்வரை ஒளியைப் புகவிட்டால், வானம் வெளிறிவிடும், முகில்கள் மறைந்துபோகும். லெ கிரே செய்தது யாது? கடலை ஒரு தகட்டிலும் முகிலை வேறொரு தகட்டிலும் பிடித்து, இரண்டையும் அடிவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளிற் பதித்தார். வெவ்வேறு வேளைக்குரிய கடலும் வானமும் ஒரு கணத்துக் காட்சிபோல் ஒன்றின. கண்டோர் வியந்து பாராட்டினர்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். ஒல்லாந்துக் கலைஞர் பேர்ண்ட்நாவுட் ஸ்மில்டே, 2010 முதல் 'நிம்பஸ்' என்னும் படவரிசையை ஆக்கி வருகின்றார். வெறுமையான மண்டபத்தின் நடுவே வெண்முகிலொன்று மிதக்கும் காட்சியே அப்படம். அவர் முதலில் அறையின் காற்றை நீர்த்தூவலால் ஈரமாக்குவார். பின்னர்ப் பொறியினாற் புகையைச் செலுத்துவார். புகைத்துகளும் நீர்த்துளியும் கூடி முகிலாகத் திரளும். பின்புறத்திலிருந்து பாய்ச்சும் ஒளி அதற்கு உருவமும் நிழலும் தரும். சில விநாடிகளில் முகில் கலைந்துவிடும். எஞ்சுவது படம் மட்டுமே. ஒட்டுவேலை எதுவும் அதில் இல்லை. ஆயினும் காண்போர், "இது கணினியின் வித்தையோ?" என்றே முதலில் ஐயுறுவர்.

விந்தையைப் பாருங்கள்! அன்று இணைத்து ஆக்கிய வானம் இயல்பான காட்சியாகத் தோன்றியது. இன்று மெய்யாகவே மிதந்த முகில் பொய்யெனத் தோன்றுகின்றது.

மாணவர்கள் இதனை வெறுங் கலைச்செய்தி என்று கருதலாகாது. ஒளியே படாமற் கணினி புனையும் படங்களும் இன்று நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கின்றன. அவற்றால் ஏமாந்தவர்கள் எல்லாப் படங்களையும் பொய்யென ஒதுக்கத் தலைப்படுவர். வெள்ளத்தில் ஓர் ஊர் மூழ்கிய படம் வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். அது மெய்யாயிருக்க, "புனைவு" என்று தள்ளிவிட்டால், உதவிக்கு நீளவேண்டிய கை நீளாதன்றோ?

கயிற்றைப் பாம்பென்று அஞ்சியவன் கதையை நாம் அறிவோம். பாம்பைக் கயிறென்று மிதித்தவன் நிலை அதனினும் கொடிது. ஆகவே, படத்தைக் கண்டவுடன் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். எடுத்தவர் யார், இடம் எது, ஆக்கிய முறை யாது என வினவுங்கள். தீர விசாரித்தல் என்பது இதுவே.